பழைய படத்தைத் துடைக்கும் முன்

எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் ஒரு நவநீத கிருஷ்ணன் படம் உண்டு. பலாப் பலகையில் எழுதிய பழைய தஞ்சாவூர்ப் படம். ஒரு பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சித்தப்பா அதைச் சுவரிலிருந்து இறக்கினார். கண்ணாடியைக் கழற்றி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். பல வருஷத்து விளக்குப் புகை படிந்து கறுத்திருந்த முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற ஆசைதான். துணியில் முதலில் கறுப்பு வந்தது. அடுத்து நீலம் வந்தது. பதறிப்போய்க் கையை எடுத்தபோது இடது கன்னமும் பாதி உதடும் போய்விட்டன.

அதற்குப் பிறகு படம் ஒரு ஃபிரேம் கடைக்குப் போனது. அங்கே கன்னத்துக்கு எனாமல் பெயின்ட் பூசி, கண்ணுக்குப் புதிதாக மை தீட்டி, உதிர்ந்த தங்கத்தின் மேல் தங்க நிற பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இது வேற யாரோ குழந்தைடா" என்றாள். அதன் பிறகு அந்தப் படத்துக்கு அவள் பூ வைக்கவில்லை.

நான் வேலைக்குப் போன பிறகு அதைச் சென்னையில், பழைய ஓவியங்களைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் ஒரு வல்லுநரிடம் கொண்டுபோனேன். எனாமலை மட்டும் எடுக்க அவருக்கு நான்கு மாதம் பிடித்தது. அடியில் இருந்த பழைய கண் திரும்பக் கிடைத்தது. கன்னம் கிடைக்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமே அந்தக் கன்னம்தான். உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அறையிலோ அப்படியொரு பழைய படம் இருந்தால், அதைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏன் கெட்டது என்று முதலில் கேளுங்கள்

2012 ஆகஸ்டில் ஸ்பெயினில் உள்ள போர்ஹா என்ற சிற்றூரின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. அங்கே ஒரு தேவாலயச் சுவரில், 1930 வாக்கில், எலியாஸ் கார்சியா மார்த்தினெஸ் என்ற ஓவியர் முள்முடி சூடிய இயேசுவின் முகத்தை வரைந்திருந்தார். சுவரில் ஈரம் ஏறி வண்ணம் உரிந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், எண்பது வயதைத் தாண்டிய செசிலியா ஹிமெனெஸ் என்ற உள்ளூர்ப் பக்தை தானே தூரிகையை எடுத்தார். விளைவைப் படமாகப் பார்த்து ஊர் உலகமே சிரித்தது. எனக்குச் சித்தப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேருமே அன்பினால்தான் அதைச் செய்தார்கள்.

அந்த அம்மாவுக்கு வரையத் தெரியாமல் இல்லை. இயற்கைக் காட்சிகள் வரைந்தவர்தான். ஆனால் பழுது பார்க்கும் வேலையில் வரையும் திறமை கடைசியில்தான் வருகிறது. பயிற்சி பெற்றவர் அந்தச் சுவர் முன் நின்றிருந்தால், தூரிகையை எடுப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருப்பார். ஈரம் நிற்காத சுவரில் மிகச் சிறந்த ஓவியர் வந்து வரைந்தாலும் அது மறுபடி உரியத்தான் போகிறது. நம் வீட்டுப் படத்துக்கும் இதே கணக்குதான். வண்ணம் உதிர்கிறது என்றால், அதை உதிர வைப்பது எது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே ஸ்பெயினில், எஸ்தெயா என்ற ஊரில், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித ஜார்ஜ் மரச்சிலைக்கு 2018இல் இதே கதி நேர்ந்தது. சிலை முழுக்கப் பூச்சுப் பூசி, பொம்மைக்கு அடிப்பதுபோல் பளபளவென்று வண்ணம் அடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் வல்லுநர்கள் அந்தப் பூச்சை எடுத்தார்கள். அதற்கே 30,000 யூரோவுக்கு மேல் செலவானது. அதற்குள் போய்விட்ட பழைய வண்ணத்தை எந்தப் பணமும் கொண்டுவரவில்லை.

படம் எடுங்கள்

முதல் வேலை இதுதான், இதற்குச் செலவும் இல்லை. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், படத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முழுசாக எடுங்கள். பிறகு நான்கு மூலைகள், பழுதான இடங்கள் ஒவ்வொன்றும் நெருக்கத்தில். பழுதின் அளவு தெரிய அருகில் ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளலாம். ஃபிரேமின் பின்னால் கடைச் சீட்டு, பென்சில் கிறுக்கல், பழைய செய்தித்தாள் ஒட்டு ஏதாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். படம் எப்போது, எந்த ஊரில் ஃபிரேம் போடப்பட்டது என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போகலாம்.

அப்புறம் அறையை இருட்டாக்குங்கள். செல்போன் டார்ச்சைப் படத்தின் ஓரத்தில், பரப்போடு ஒட்டினாற்போல் படுக்கையாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் சமமாகத் தெரிந்த பரப்பில் இப்போது மேடும் பள்ளமும் நிழலாக எழும். கூரை போலத் தூக்கிக்கொண்டு நிற்கும் வண்ணம், கொப்புளம், பலகையின் வளைவு எல்லாம் தெரியும். அதையும் படம் எடுங்கள். எங்கள் கிருஷ்ணனை அந்த வல்லுநர் முதன்முதலில் இப்படித்தான் பார்த்தார். கல் பதித்த மாலைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு மக்கு, அதாவது புடைப்பு வேலைக்குப் போட்ட பசைக் கலவை, முழுக்கப் பலகையை விட்டு எழும்பியிருந்தது. நாங்கள் அத்தனை வருஷமாகப் பார்த்தும் அது கண்ணில் படவில்லை.

படத்தின் உடம்பு எப்படிப்பட்டது

தஞ்சாவூர்ப் படத்துக்குப் பழைய பெயர் பலகைப் படம். பலாவிலோ தேக்கிலோ பலகை, அதன் மேல் பசையால் ஒட்டிய துணி, அதன் மேல் சுக்கான் மாவும் (சுண்ணாம்புக் கல் பொடி) பசையும் கலந்த பூச்சு. நகை, மாலை, தூண், மண்டபம் வரும் இடங்களில் மக்கால் புடைப்பு வேலை செய்து, கல் பதித்து, தங்க ரேக் எனும் மெல்லிய தங்கத் தாளை ஒட்டுவார்கள். முகமும் உடம்பும் கடைசியில்தான் வரும். பழைய படங்களில் அந்த வண்ணம் பெரும்பாலும் பிசின் கலந்து தீட்டியது. பிசின் தண்ணீரில் கரையும். சித்தப்பாவின் துணியில் நீலம் வந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இன்னொன்று. மரம் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே உள்ள சுண்ணாம்புப் பூச்சு அப்படி அசையாது. ஒன்று நகர, மற்றது நிற்க, நடுவில் விரிசல் விழுந்து பூச்சு தூக்கிக்கொள்ளும். அதனால்தான் குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும், மழை அடிக்கும் வெளிச்சுவரிலும், இரவில் மட்டும் ஏசி போடுகிற அறையிலும் தொங்கும் படங்கள் சீக்கிரம் கெடுகின்றன.

வீட்டில் இருப்பது ரவி வர்மா அச்சகத்துப் படம் போன்ற பழைய தாள் படம் என்றால் பிரச்சினை வேறு. ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியைக் கழற்றினால் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். ஒட்டியிருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே அப்படியே விட்டுவிடுங்கள்.

இடம் மாற்றுங்கள், கெடுப்பதை நிறுத்துங்கள்

படத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் காரணத்தை நீங்களே நிறுத்தலாம். இதற்கு வல்லுநர் வேண்டியதில்லை.

வெளிச்சுவரில் இருந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். ஃபிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க்குத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். வெயில் நேரே விழக்கூடாது. விளக்கு, சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் படத்துக்கு நேர் கீழே வேண்டாம். ஒரு கை தூரம் தள்ளி வையுங்கள். சந்தனமும் குங்குமமும் வைப்பதென்றால் கண்ணாடியின் மேல் மட்டும் வையுங்கள். ஈரமான பூமாலையை ஃபிரேமில் நாள் முழுக்கத் தொங்கவிடுவது பலரும் கவனிக்காத ஒன்று. அந்த ஈரம் ஃபிரேமின் இடுக்கு வழியே உள்ளே இறங்கும்.

பூச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். படத்துக்குக் கீழே ஒரு கறுப்புத் தாளை ஒரு வாரம் விரித்து வையுங்கள். வெளிர் நிறத்தில் மாவு போல் தூள் உதிர்ந்திருந்தால் மரத்துக்குள் வண்டு உயிரோடு இருக்கக்கூடும். அப்போது அந்தப் படத்தை மற்ற படங்களிடமிருந்து பிரித்து வைத்து, சீக்கிரம் ஆள் தேடுங்கள். பூச்சி மருந்தை ஸ்பிரே செய்யாதீர்கள். அதில் உள்ள கரைப்பான் வண்ணத்தையும் தங்கத்தையும் பாதிக்கும்.

வண்ணம் உதிரும் நிலையில் இருந்தால் படத்தை நிமிர்த்தி வைக்கவே வேண்டாம். வண்ணப் பக்கம் மேலே பார்த்தபடி, ஒரு கெட்டியான பலகையின் மேல் படுக்கவைத்துத் தூக்குங்கள். முகப்பின் மேல் துணியோ பிளாஸ்டிக்கோ படக்கூடாது. ஏற்கெனவே உதிர்ந்த துணுக்குகளைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். ஒரு தாளை மடித்து மெல்ல அள்ளி, காலித் தீப்பெட்டியில் போட்டு, எந்த இடத்திலிருந்து உதிர்ந்தது என்று எழுதி வையுங்கள். அரிசியளவுத் துணுக்கைக்கூட அதன் இடத்திலேயே மறுபடி ஒட்ட முடியும்.

வீட்டில் செய்யவே கூடாதவை

உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பழைய படம் பளிச்சென்றாகும் என்று இன்னும் சொல்கிறார்கள். ரொட்டித் துண்டு, எலுமிச்சை, தேங்காய் எண்ணெய், குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான் என்று இந்தப் பட்டியல் நீளும். எல்லாமே ஈரத்தையோ மாவையோ எண்ணெயையோ படத்தின் மேல் விட்டுப் போகும். மாவு பூச்சியையும் பூஞ்சையையும் அழைக்கும். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் தூக்கிய வண்ணத்தை ஒட்டாதீர்கள். அது காய்ந்து இறுகிய பிறகு, அடியில் உள்ளதைச் சேதப்படுத்தாமல் எடுப்பது மிகவும் கடினம். வார்னிஷும் வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைக்கலாம். ஆனால் திரவத்தைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் தெளித்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் ஓரத்தில் வழிந்து உள்ளே போய்விடும். ஃபிரேமின் தூசியை மென்மையான, உலர்ந்த தூரிகையால் தட்டலாம். படத்தின் பரப்பை என்னால் முடிந்தவரை யாரையும் தொடவிட மாட்டேன்.

வல்லுநர் என்ன வித்தியாசமாகச் செய்கிறார்

அவர் மேஜையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தீக்குச்சி கனத்துக்கு ஒரு மூங்கில் குச்சி. அதன் நுனியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றி ஏதோ ஒரு கரைப்பானில் தொட்டு, வடிதாளில் ஒற்றி எடுத்தார். உருப்பெருக்கியின் அடியில், எனாமல் பூசிய இடத்தின் ஓரத்தில், கடுகளவு இடத்தில் அந்தப் பஞ்சை உருட்டினார். தேய்க்கவில்லை, உருட்டினார். பஞ்சைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். எனாமல் பெயின்ட் மட்டும் வந்திருந்தது. குறிப்பேட்டில் எழுதினார். அடுத்த பஞ்சு. ஒரு காலைப் பொழுது முழுக்க அவர் சுத்தம் செய்தது ஒரு தபால் தலை அளவு.

தூக்கியிருந்த மக்கை ஒட்டும் முன், அதன் மேல் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டி, எதுவும் உதிராமல் பிடித்து நிறுத்தினார். அதன் பிறகுதான் நுண்ணிய தூரிகையால் விரிசல் வழியே பசையை உறிஞ்ச வைத்தார். எந்தப் பசை, எத்தனை சதவீதம், எந்தத் தேதி என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. அந்தப் பசையை வேண்டும்போது கரைத்து எடுக்க முடியும் என்பதையும் காட்டினார்.

இப்படிக் கரைத்து எடுக்க முடிவது ஏன் முக்கியம் என்று கேட்டால், அஜந்தாவைச் சொல்வேன். 1920 முதல் 1922 வரை ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து லோரென்சோ செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு பேரை அழைத்து அங்கே ஓவியங்களைப் பாதுகாக்கச் சொன்னது. உரிந்துகொண்டிருந்த ஓவியத்தை அவர்கள் சுவரோடு நிலைநிறுத்தினார்கள். அது நல்ல வேலை. ஆனால் மேலே பூசிய அரக்கு வார்னிஷ் வருஷம் ஆக ஆக மஞ்சளாகிக் கறுத்து, வண்ணங்களையே மறைத்தது. அதை அகற்றும் வேலையைத் தொல்லியல் துறை பல பத்தாண்டுகள் செய்ய வேண்டியிருந்தது. அன்றைக்கு இருந்த நல்ல கைகளுக்கே அப்படி நேர்ந்தது. அதனால்தான் இன்றைக்குப் பயிற்சி பெற்றவர்கள், நாளைக்கு ஒருவர் வந்து தங்கள் வேலையை நீக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தே செய்கிறார்கள்.

கைத்திறன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே இருக்கிறது. கருவறையைச் சுற்றிய உள் நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அடியில் இருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு மேலே இருப்பதைச் சுரண்டி எறிவது எளிது. தொல்லியல் துறை வேதியியலாளர்கள் பிற்காலத்தில் நாயக்கர் ஓவியத்தைச் சுவரிலிருந்து பெயர்த்து, கண்ணாடி இழைப் பலகையில் ஏற்றினார்கள். இரண்டு காலமும் பிழைத்தன.

யாரிடம் கொடுப்பது

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள். அதைத் தொடங்கிய எஸ். பரமசிவன் நம் சுவரோவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆய்வு செய்தவர். அங்கே போய் யாரை அணுகலாம் என்று கேட்பது நல்ல தொடக்கம். பண்பாட்டு மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு பெங்களூரு, லக்னோ, டெல்லி போன்ற ஊர்களில் கலைப் பாதுகாப்பு மையங்கள் நடத்துகிறது. லக்னோவில் மத்திய அரசின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் இருக்கிறது. இந்த இடங்களில் பயிற்சி பெற்றுத் தனியாக வேலை செய்கிறவர்களும் உண்டு.

தஞ்சாவூரில் புதுப் படம் எழுதும் கைவினைஞர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கலை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பழைய படத்தைக் கொடுத்தால், அவர்களில் பலர் பழகிய முறைப்படி மக்கு போட்டு, புது ரேக் ஒட்டி, முகத்தை மறுபடி எழுதித் தருவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது அவர்கள் எழுதிய படம். உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து ஓவியர் எழுதியது அடியில் போய்விடும்.

யாரைப் பார்த்தாலும் இவற்றைக் கேளுங்கள். எங்கே பயிற்சி பெற்றீர்கள்? முன், பின் படங்களோடு, வேலை நடக்கும்போது எடுத்த படங்களும் உண்டா? படம் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கையை எழுத்தில் தருவீர்களா? என்ன பசை, என்ன வண்ணம், அதைத் திரும்ப எடுக்க முடியுமா? விடுபட்ட இடத்தில் மட்டும் வண்ணம் வைப்பீர்களா, மீதி இடத்திலும் ஏறுமா? நடுவே திட்டம் மாறினால் என்னிடம் கேட்பீர்களா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல வல்லுநர் கோபப்பட மாட்டார். "ஒரு வாரத்துல புதுசு மாதிரி ஆக்கித் தரேன்" என்று யாராவது சொன்னால், படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் ஓவியம் 100 வருஷத்துக்கு மேற்பட்டதாக இருந்தால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அங்கேயே சரிசெய்து தருகிறேன் என்றால் இதைச் சொல்லுங்கள்.

எவ்வளவு நிரப்புவது

வண்ணம் போன இடத்தை என்ன செய்வது என்பதை வல்லுநரோடு உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ரோமில் 1939இல் தொடங்கிய மத்திய கலைச் சீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் செசாரே பிராந்தியும் அவரோடு இருந்தவர்களும் ஒரு முறையை வகுத்தார்கள். போன இடத்தை நெருக்கமான மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தூரத்தில் நின்றால் கண்ணுக்குப் படம் முழுசாகத் தெரியும். கிட்டே போனால் இது பிற்காலத்தில் வைத்தது என்று கோடுகளே சொல்லிவிடும். எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும்.

பூஜையில் இருக்கும் படம் என்றால் சிக்கல் இருக்கிறது. பின்னமான உருவத்தைக் கும்பிடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மனசைத் தள்ளிவிட முடியாது. என் யோசனை இது. அதே அளவில், அதே கோலத்தில் தஞ்சாவூர்க் கைவினைஞர் ஒருவரிடம் புதுப் படம் எழுதச் சொல்லிப் பூஜைக்கு வையுங்கள். பழையதைக் காயத்தோடு அப்படியே கூடத்தில் மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். கைவினைஞருக்கும் வேலை கிடைத்தது.

திரும்பி வந்த பிறகு

படத்தோடு நிலை அறிக்கையும், எல்லாக் கட்டத்துப் புகைப்படங்களும் வர வேண்டும். ஒரு பிரதியை உறையில் போட்டு ஃபிரேமின் பின்பலகையில் வெளிப்பக்கமாகக் கட்டிவிடுங்கள். படத்தின் மேல் எதையும் ஒட்ட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், அதே டார்ச்சைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். முன்பு எடுத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் புதிதாக எங்காவது தூக்கியிருந்தால் வல்லுநருக்கு அனுப்புங்கள்.

எங்கள் கிருஷ்ணனின் இடது கன்னத்தில் இப்போது சுற்றியுள்ள நிறத்தைவிட ஒரு சாயல் வெளிறிய, தட்டையான வண்ணம் இருக்கிறது. உதட்டின் பாதி இல்லை. அவன் திரும்பி வந்த அன்று பாட்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொல்லையிலிருந்து ஒரு செம்பருத்தியைப் பறித்து வந்து, ஈரத்தை முந்தானையில் துடைத்துவிட்டு, ஃபிரேமின் மேல் வைக்காமல் கீழே இருந்த ஸ்டூலில் வைத்தாள்.